அறுபது வயதில் போட்ட கணக்கு

மத்திய அமெரிக்காவின் கரீபியக் கடற்கரையில், மெக்சிகோவுக்கும் குவாதமாலாவுக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாடு பெலீஸ். பரப்பளவு சுமார் 23,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் பெரியது. 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை நான்கு லட்சத்தைத் தொடவில்லை. நம் நடுத்தர மாநகரங்கள் பலவற்றில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். 1981 வரை பிரிட்டனின் கீழ் இருந்ததால் ஆட்சிமொழி ஆங்கிலம். சுற்றியுள்ள நாடுகளெல்லாம் ஸ்பானிஷில் இயங்க, மத்திய அமெரிக்காவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக வைத்திருப்பது இது ஒன்றுதான். ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு பெலீஸ் டாலர் என்பது பல பத்தாண்டுகளாக மாறாத விகிதம். பனி கிடையாது, பவளத்திட்டு உண்டு, மயாமியிலிருந்து இரண்டு மணி நேரச் சொச்சத்தில் விமானத்தில் வந்துவிடலாம். இவற்றையெல்லாம் சேர்த்து வட அமெரிக்காவின் ஓய்வுக்கால ஆலோசகர்களும் பத்திரிகைகளும் மனை விற்பவர்களும் ஒரு சித்திரம் தீட்டியிருக்கிறார்கள். சொந்த ஊரில் இழுத்துப் பிடித்து வாழத்தான் போதும் என்ற பென்ஷன், பெலீஸில் கடலோர வீடும் சமையலுக்கு ஆளும் தோட்டத்துக்கு ஆளும் வைத்து வாழப் போதும். மாதம் 2,000 டாலர் இருந்தால் ஆயிற்று.

இந்தச் சித்திரத்தை மறுப்பவர்கள் பெரும்பாலும் அதன் விலைப்பட்டியலோடு மல்லுக்கு நிற்கிறார்கள். அது வீண் வேலை. வாடகை, மீன், மாம்பழம், வேலையாள் கூலி என்று ஆலோசகர்கள் தரும் கணக்கில் பெரும்பகுதி உண்மைதான். கோளாறு எங்கே என்றால், அது யாருடைய கணக்கு என்பதில். படியேற முடிகிற, வண்டி ஓட்ட முடிகிற, ஒரேயொரு இரத்த அழுத்த மாத்திரையோடு நாள் ஓடுகிற, பக்கத்தில் துணை உயிரோடு இருக்கிற அறுபது வயதுக்காரரின் ஒரு மாதச் செலவு அது. ஓய்வுக்காலமோ ஒரு மாதம் அல்ல. ஆயுள் கெட்டியாக இருந்தால் இருபது, இருபத்தைந்து ஆண்டு. அதில் முதல் பத்தாண்டில் இருப்பவர் ஒருவர், கடைசிப் பத்தாண்டில் இருப்பவர் வேறொருவர். முன்னவருக்கு வேண்டியவை பெலீஸில் மலிவு. பின்னவருக்கு வேண்டியவை அங்கே விலை கூடியவை, அல்லது எந்த விலைக்கும் கிடைக்காதவை. வெளிநாட்டில் ஓய்வெடுக்கச் சொல்லும் கட்சி, முன்னவரின் மாதச் செலவை எடுத்து இருபத்தைந்து ஆண்டால் பெருக்குகிறது. என் சண்டை அந்தப் பெருக்கலோடுதான்.

2,000 டாலர் என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்தே தொடங்கலாம். பெலீஸ் அரசு 1999இல் ஓய்வு பெற்றோருக்கான சலுகைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நாட்டுக்கு வெளியிலிருந்து மாதம் 2,000 அமெரிக்க டாலர் நிரந்தர வருமானம் வருகிறது என்று காட்டினால், அந்தத் திட்டத்தில் சேரலாம். வீட்டுச் சாமான், கார், படகு, சிறு விமானம்கூட, சுங்கம் கட்டாமல் கொண்டுவரலாம். வெளிநாட்டு வருமானத்துக்கு உள்ளூர் வரி இல்லை. உள்ளூரில் வேலை பார்த்துச் சம்பாதிக்கக் கூடாது. திட்டத்தை நடத்துவது குடியேற்றத் துறை அல்ல, சுற்றுலா வாரியம். இந்த ஒரு விவரமே பல பக்கம் பேசும். வருபவரை நாடு எதிர்காலக் குடிமகனாக அல்ல, நீண்ட நாள் தங்கும் விருந்தாளியாகத்தான் கணக்கில் வைக்கிறது. இந்தத் திட்டத்தில் கழிக்கும் ஆண்டுகள் குடியுரிமைக்கான கணக்கில் ஏறுவதும் இல்லை. போகட்டும், எண்ணுக்கு வருவோம். அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டெண் 1999க்கும் 2024க்கும் இடையே கிட்டத்தட்ட 1.9 மடங்கு ஆகியிருக்கிறது. அதாவது 1999இல் 2,000 டாலர் வாங்கித் தந்ததை 2024இல் வாங்க 3,700 டாலருக்கு மேல் வேண்டும். அரசுக்கு அது சேர்க்கைக்கான தகுதி வரம்பு. இவ்வளவு கொண்டுவந்தால் உள்ளே விடுகிறேன் என்பது மட்டுமே அதன் பொருள். விளம்பரக்காரர் கையில் அது வாழ்க்கைச் செலவாக உருமாறி, கால் நூற்றாண்டு கழித்தும் அப்படியே உலவுகிறது.

பெலீஸில் வேறு, அமெரிக்காவில் வேறு விலைவாசி என்று சிலர் சொல்லக்கூடும். இங்கேதான் அந்தப் புகழ்பெற்ற இரண்டுக்கு ஒன்று விகிதம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. உள்ளூர் நாணயம் சரியும் நாட்டில் டாலர் பென்ஷன்காரருக்கு ஆண்டுதோறும் ஒரு மறைமுகச் சம்பள உயர்வு கிடைக்கும். உள்ளூர்க்காரர் வயிற்றெரிச்சல் அது, என்றாலும் கிடைக்கும். பெலீஸில் அது இல்லை, ஏனென்றால் அங்கே நாணயம் டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது. நான்கு லட்சம் பேர் உள்ள நாட்டில் தொழிற்சாலைகள் சொற்பம். காரிலிருந்து கழிவறைக் குழாய் வரை இறக்குமதி, அதில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்தே. அமெரிக்காவில் விலை ஏறினால் அதே ஏற்றம் கப்பல் கூலியோடும் சுங்கத்தோடும் 12.5 சதவீதப் பொது விற்பனை வரியோடும் பெலீஸ் கடைக்கு வந்து சேரும். மின்சாரத்திலும் கணிசமான பங்கு மெக்சிகோவிலிருந்து வாங்குவது. 2024 மே மாத வெயிலில் மெக்சிகோவே தட்டுப்பாட்டில் திணறியபோது பெலீஸில் சுற்றுமுறை மின்வெட்டு வந்தது. உண்மையில் மலிவானவை எவை என்றால், மண்ணில் விளைபவை, 1958 முதல் குடியேறிய, மென்னோனைட் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகள் தரும் கோழியும் முட்டையும் பாலும், பிறகு மனித உழைப்பு. அறுபது வயதில் சந்தைக்கு நடந்துபோய் உள்ளூர்ச் சாப்பாடு சமைத்து மின்விசிறியில் தூங்குபவருக்கு நிஜமாகவே செலவு குறைவு. எண்பது வயதில் ஏசி இல்லாமல் முடியாது, கார் இல்லாமல் முடியாது, மருத்துவர் சொன்ன உணவு இல்லாமல் முடியாது. வயது ஏற ஏறச் செலவு மலிவான பக்கத்திலிருந்து இறக்குமதிப் பக்கத்துக்கு மெல்ல நகர்கிறது. எந்த ஆலோசகரின் பட்டியலிலும் இந்த நகர்வுக்கு இடமில்லை.

மனித உழைப்பின் மலிவு பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எதிர்க்கட்சியின் மிக வலுவான வாதம் அதுதான். அமெரிக்காவில் முதியோர் மருத்துவ இல்லத்தில் தனியறைக்கு ஆகும் இடைநிலைச் செலவு, ஜென்வொர்த் நிறுவனத்தின் 2023 கணக்கெடுப்பின்படி, ஆண்டுக்கு 1,16,800 டாலர். இதைக் காட்டி, பெலீஸில் வீட்டோடு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே, அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாதே என்கிறார்கள். பெலீஸின் குறைந்தபட்சக் கூலி 2023 ஜனவரி முதல் மணிக்கு 5 பெலீஸ் டாலர், அதாவது இரண்டரை அமெரிக்க டாலர். பகலில் எட்டு மணி நேரம் ஒருவர் வந்து போனால் நாளுக்கு 20 டாலர். நல்ல மலிவுதான். ஆனால் படுத்த படுக்கையானவருக்கோ மறதி நோய் முற்றியவருக்கோ எட்டு மணி நேரம் போதாது. இரவும் பகலும் யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அந்த நாட்டுச் சட்டம் சொல்லும் அடிமட்டக் கூலியையே கொடுத்தாலும், 24 மணி நேரம், 30 நாள், மாதம் 1,800 டாலர். மாதத்துக்கு 2,000 போதும் என்று வந்தவர் கையில் மிஞ்சுவது 200. வாடகையும் சாப்பாடும் மருந்தும் அந்த 200க்குள் அடங்க வேண்டும். வீட்டோடு தங்குபவருக்கு மணிக்கணக்குப் பார்க்க மாட்டார்கள், கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள் என்று பதில் வரலாம். வரும். அப்படியென்றால் இந்தத் திட்டத்தின் வெற்றி, ஒரு ஏழைப் பெண்ணின் தூக்கத்துக்கு விலை வைக்காமல் விடுவதில் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பேசட்டும். அந்தக் கூலியும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2023க்கு முன் அது மணிக்கு 3.30 பெலீஸ் டாலர். ஒரே அடியில் ஐம்பது சதவீதம் உயர்ந்தது. அது உயர வேண்டியதுதான். பெலீஸ் மக்கள் நன்றாக வாழத் தொடங்கினால் தன் ஓய்வுக்காலம் கெட்டுப்போகும் என்ற நிலையில் ஒருவர் தன்னை நிறுத்திக்கொள்வது, பொருளாதார ரீதியாகவும் அவ்வளவு புத்திசாலித்தனம் அல்ல.

1,16,800 டாலர் என்ற அந்தப் பூச்சாண்டியையும் முழுதாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அந்தச் செலவைத் தன் பையிலிருந்து கடைசி வரை கட்டுபவர்கள் குறைவு. சேமிப்புக் கரைந்தபின் மெடிக்கெய்ட் என்னும் அரசுத் திட்டம் ஏற்றுக்கொள்கிறது. முதியோர் மருத்துவ இல்லங்களில் இருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் செலவைக் கட்டுவது அதுதான். அது தரும் பராமரிப்பு சொர்க்கம் அல்ல, பல இடங்களில் கண்ணீர் வரவைக்கும் தரம். ஆனாலும் கையில் ஒன்றும் இல்லாதவனுக்குக் கட்டிலும் மருந்தும் தர வேண்டும் என்ற கடமை அங்கே யாரோ ஒருவர் தலையில் இருக்கிறது. பெலீஸில் பணம் தீர்ந்த வெளிநாட்டு முதியவருக்கு அப்படிக் கடமைப்பட்டவர் யாருமில்லை. மலிவையும் விலையையும் ஒப்பிடுபவர்கள், ஓரிடத்தில் விலைக்குக் கீழே ஒரு வலை விரித்திருப்பதையும் இன்னோரிடத்தில் அது இல்லாததையும் கணக்கில் எடுப்பதே இல்லை.

மருத்துவத்துக்கு வந்தால் வாதம் இன்னும் சுருங்கிவிடும், ஏனென்றால் இங்கே எதிர்த்தரப்பே தாழ்ந்த குரலில்தான் பேசுகிறது. பெலீஸ் சிட்டியில் இருக்கும் கார்ல் ஹியூஸ்னர் நினைவு மருத்துவமனைதான் நாட்டின் தலைமைப் பொது மருத்துவமனை. மாவட்டங்களில் கைவிட்ட நோயாளிகள் அங்கே வருகிறார்கள். அதே நகரில் சில தனியார் மருத்துவமனைகள் உண்டு. காய்ச்சல், எலும்பு முறிவு, சர்க்கரை என்றால் சமாளிக்கலாம். தனியார் மருத்துவர் கட்டணமும் அமெரிக்காவை நோக்க அற்பம். சிக்கலான இதய நோய், மூளையில் இரத்தக் கசிவு, புற்றுநோய் என்றால் வசதியுள்ள பெலீஸ்காரர்களே மெக்சிகோவின் மெரீடாவுக்கோ குவாதமாலா சிட்டிக்கோ கிளம்புகிறார்கள். நான்கு லட்சம் பேருக்காக எல்லாச் சிறப்பு மருத்துவமும் வைத்திருக்க எந்த நாட்டாலும் முடியாது. இதில் பெலீஸ் அரசைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விளம்பரப் படங்களில் வரும் கடலோர வீடுகள் பெலீஸ் சிட்டியில்கூட இல்லை. அம்பர்கிரிஸ் தீவிலும் பிளசென்சியா முனையிலும் கொரோசால் கரையிலும் இருக்கின்றன. தீவிலிருந்து தலைமை மருத்துவமனைக்கு வரப் படகோ சிறு விமானமோ வேண்டும். பக்கவாதம் வந்தால் முதல் சில மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இன்று பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். அலை எப்போது அடங்கும் என்று பார்த்துக்கொண்டிருக்க அதில் இடமில்லை.

ஊருக்குத் திரும்பி வைத்தியம் பார்த்துக்கொள்ளலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. அமெரிக்க முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர், அரிதான விதிவிலக்குகள் தவிர, நாட்டுக்கு வெளியே நடக்கும் சிகிச்சைக்குப் பணம் தராது. எனவே பெலீஸ் போகிறவருக்கு இரண்டு வழி. மருத்துவர் கட்டணத்துக்கான அதன் இரண்டாம் பகுதிக்குச் சந்தாவை விடாமல் கட்டிக்கொண்டே இருக்கலாம்; 2025இல் அது மாதம் 185 டாலர். 2,000 டாலர் பட்ஜெட்டில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு, பயன்படுத்தாத ஒரு சேவைக்குப் போகும். அல்லது சந்தாவை நிறுத்திவிடலாம். பிறகு திரும்பி வந்து சேர்ந்தால், விட்டுப்போன ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் சந்தாவில் பத்து சதவீதம் கூடுதலாகச் சாகும்வரை கட்ட வேண்டும். பத்தாண்டு பெலீஸில் இருந்தவருக்குச் சந்தா இரட்டிப்பு. கனடாவில் ஒன்டாரியோ மாகாணம் வேறு விதமாகக் கட்டிப்போடுகிறது. பன்னிரண்டு மாதத்தில் 153 நாளாவது மாகாணத்துக்குள் இருந்தால்தான் அரசு மருத்துவக் காப்பீடு. ஸ்கார்பரோவில் பணி ஓய்வு பெற்ற நம்மவர்கள் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ எத்தனை மாதம் தங்கலாம் என்று நாட்காட்டியைப் புரட்டுவது இந்த 153க்காகத்தான். பெலீஸுக்குப் போகிறவரும் அதே நாட்காட்டியில்தான் மாட்டுவார். ஆண்டில் ஐந்து மாதம் கனடாவில் இருந்தாக வேண்டும் என்றால் இரண்டு இடத்தில் வீட்டுச் செலவு. மலிவு என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை?

ஆங்கிலம் பேசும் நாடு என்ற வாதத்தைப் பலர் மறுக்கத் துணிவதில்லை, ஏனென்றால் அது வெளிப்படையான உண்மை போலத் தோன்றுகிறது. சட்டம் ஆங்கிலத்தில், பத்திரம் ஆங்கிலத்தில், பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில். ஆனால் 2010 கணக்கெடுப்பில் ஆங்கிலம் பேசத் தெரியும் என்றவர்கள் சுமார் 63 சதவீதம். ஸ்பானிஷ் 57 சதவீதம். கிரியோல் 45 சதவீதம். மாயா மொழிகளும் கரிஃபுனாவும் மென்னோனைட்டுகளின் ஜெர்மன் பேச்சும் இவற்றுக்கு மேல். கடைத்தெருவில் மக்கள் தங்களுக்குள் பேசுவது கிரியோல் அல்லது ஸ்பானிஷ். வெள்ளைக்காரர் வந்தால் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். அரசு மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகக் கியூபா அனுப்பிய மருத்துவர்கள் பணியாற்றியிருக்கிறார்கள். அவர்கள் மொழி ஸ்பானிஷ். கொரோசால் பக்கம் குடியேறிய அமெரிக்கர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் இதன் நகைச்சுவை முழுதாக விளங்கும். ஸ்பானிஷ் தெரியாது, மெக்சிகோ வேண்டாம், ஆங்கில நாடுதான் சௌகரியம் என்று பெலீஸைத் தேர்ந்தவர்கள், பெரிய கடைக்கும் பல் மருத்துவருக்கும் ஸ்கேனுக்கும் எல்லை தாண்டி மெக்சிகோவின் செத்துமாலுக்குப் போய் வருகிறார்கள். பக்கம்தான், அரை மணி நேரப் பயணம். இளமையோடு இருக்கும்போது அது உல்லாசப் பயணம்கூட. வண்டி ஓட்டும் உரிமத்தை வயது பறித்தபின் அந்த எல்லைச் சாவடி மிகத் தூரம். ஆங்கிலம் உண்மையில் எதைச் சுலபமாக்கியது? வாங்குவதை. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பத்திரம் படிக்கலாம், பழகிய பிரிட்டிஷ் பாணிச் சட்டம், நிலம் வாங்க வெளிநாட்டவருக்குத் தடை இல்லை. வருபவருக்கு மொழி ஒரு நல்வரவுப் பலகை. அதன் பின்னால் நிற்பவர் வீட்டுத் தரகர்.

மலிவுக் கட்சியின் வருமானம் ஆலோசனையில் இல்லை, மனையில்தான் இருக்கிறது என்பதால், மனை பற்றி ஒரு வழக்கைச் சொல்லாமல் நகர முடியாது. ஸ்டான் கிரீக் மாவட்டத்தில் சாங்க்சுவரி பெலீஸ் என்ற பெயரில் விற்கப்பட்ட பெரிய குடியிருப்புத் திட்டம் அது. படகுத்துறை, தங்குவிடுதி, கடைவீதி என்று ஆடம்பர வசதிகள் சில ஆண்டில் முடிந்துவிடும், மனையை வேண்டும்போது நல்ல விலைக்கு விற்றுக்கொள்ளலாம் என்பது வாக்குறுதி. 2018 நவம்பரில் அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் நீதிமன்றத்துக்குப் போய் அதை நிறுத்தியது. தான் இதுவரை கைவைத்த வெளிநாட்டு நில மோசடிகளில் இதுவே பெரியது என்றது. வாங்கியவர்கள் இழந்தது 10 கோடி டாலருக்கு மேல். 2020இல் மேரிலாந்திலுள்ள கூட்டரசு நீதிமன்றம் மோசடியை உறுதிசெய்து சுமார் 12 கோடி டாலருக்குத் தீர்ப்பளித்தது. ஒரு மோசடியை வைத்து நாட்டையே எடைபோடலாமா என்று கேட்பது நியாயம். எடைபோட வேண்டாம். அந்தத் திட்டத்தை விற்றவர்கள் சொன்ன பொய்களில் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும்: மறுவிற்பனைச் சந்தை சுறுசுறுப்பாக இருக்கிறது என்ற பொய். நேர்மையான தரகர்களும் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தயங்குவார்கள். நான்கு லட்சம் பேர் உள்ள நாட்டில், உள்ளூர்ச் சம்பளத்துக்கு எட்டாத விலையில் கட்டிய கடலோர வீட்டை யார் வாங்குவார்கள்? இன்னொரு அறுபது வயது அமெரிக்கர்தான். பெயர் மாற்றும்போது வெளிநாட்டவர் கட்டும் முத்திரைத்தாள் வரி எட்டு சதவீதம், பெலீஸ்காரருக்கு ஐந்து. வாங்க ஒரு வாரம் ஆன வீட்டை விற்கப் பல ஆண்டு ஆகலாம். அந்த ஆண்டுகள்தாம் முதியவர் கையில் இல்லாதவை. புயல் பற்றி ஒரு வரி போதும்: 1961இல் ஹாட்டி புயல் அப்போதைய தலைநகரான பெலீஸ் சிட்டியைச் சிதைத்ததால்தான் நாடு உள்ளே தள்ளி பெல்மொபான் என்ற புதுத் தலைநகரைக் கட்டி 1970இல் அங்கே மாறியது. அரசாங்கம் கடலோரத்தை விட்டு விலகிப்போன நாட்டில் வெளியூர் முதியவர்களுக்குக் கடலோரத்தை விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களே என்பது அடுத்த ஆட்சேபம். இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் சந்தோஷத்தைப் பேட்டி கொடுப்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். வந்து மூன்று, ஐந்து ஆண்டு ஆனவர்கள். பலர் தாங்களே விடுதியோ தரகோ நடத்துபவர்கள். இடுப்பெலும்பு உடைந்து மகள் வீட்டுக்குத் திரும்பிப்போனவரை யாரும் தேடிப்போய்ப் பேட்டி எடுப்பதில்லை. அவருக்கும் சொல்லிக்கொள்ளும் ஆசை இருக்காது. திரும்பிப் போகலாம் என்பதே இந்தத் திட்டத்தின் பலம், போனால் என்ன நஷ்டம் என்றும் வாதிடுகிறார்கள். ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டுப் போனவர், பத்தாண்டில் அங்கே ஏறிய வீட்டு விலைக்கும் வாடகைக்கும் வெளியே நின்றுகொண்டிருப்பார். போகும்போது இருந்த நண்பர்களில் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள். மெடிக்கேர் அபராதத்தை முன்பே சொன்னேன். மலிவில் மிச்சம் பிடித்ததெல்லாம் திரும்பும் டிக்கெட்டிலேயே போய்விடும் என்று சொன்னால் அது மிகையாகத் தோன்றும். ஆனால் திரும்பும் செலவுக்கென ஒரு தொகையை ஒதுக்கிவைத்த மாதாந்திர பட்ஜெட் ஒன்றைக்கூட விளம்பரங்களில் காண முடியாது என்பது மிகை அல்ல.

பெலீஸ் சின்ன நாடு, அதனால்தான் இத்தனை குறை. பெரிய மருத்துவமனைகள் உள்ள வெப்பமண்டல நாட்டுக்குப் போகலாமே என்பவர்கள் மலேசியாவைக் காட்டுவார்கள். ஆங்கிலம் பரவலாகப் புழங்கும் நாடு. பினாங்கு மருத்துவமனைகளுக்கு அண்டை நாடுகளிலிருந்தே நோயாளிகள் வருகிறார்கள். மருத்துவம் பற்றி நான் சொன்னது அங்கே செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபத்தைந்து ஆண்டுக் கணக்கில் இன்னொரு புள்ளி இருக்கிறது: விருந்தாளிக்கு ஓட்டு கிடையாது. மலேசியாவின் 'மலேசியா என் இரண்டாவது வீடு' திட்டத்தில் நீண்ட காலம் மாதம் 10,000 ரிங்கிட் வெளிநாட்டு வருமானம் போதும் என்று இருந்தது. 2020இல் அரசு அதை நிறுத்திவைத்து, 2021இல் 40,000 ரிங்கிட் வருமானமும் பத்து லட்சம் ரிங்கிட் வைப்புத்தொகையும் வேண்டும் என்று திரும்பக் கொண்டுவந்தது. ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கும் பொருந்தும் என்று கேட்டவுடன் முதியவர்களுக்குத் தூக்கம் போயிற்று; எதிர்ப்புக் கிளம்பியபின் அவர்களுக்குத் தளர்த்தினார்கள். 2024இல் மறுபடி மாற்றம்: வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிநிலைகள், கூடவே வீடு வாங்குவது கட்டாயம். பிலிப்பைன்சும் ஓய்வுபெற்றோர் விசாவை 2020 இறுதியில் நிறுத்திவைத்து, அடுத்த ஆண்டு வயது வரம்பை 50க்கு உயர்த்தித் திறந்தது. எந்த அரசுக்கும் தன் விதியை மாற்ற உரிமை உண்டு. மாற்றியதில் அநியாயம் இல்லை. 60 வயதில் ஒரு விதியை நம்பி வீட்டை விற்றுவிட்டு வந்து, 72 வயதில் அந்த விதி மாறினால் எங்கே போவது என்று யோசிக்காத திட்டம்தான் அநியாயம்.

வாங்காதே, வாடகைக்கு இரு. ஊரில் உள்ள வீட்டை விற்காதே. மருத்துவச் சந்தாவை நிறுத்தாதே. உடம்பு நன்றாக இருக்கும் வரை மூன்று நான்கு ஆண்டு இருந்துவிட்டு வா என்று சொல்லும் நிதானமான ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர்கள் சொல்வது நீண்ட விடுமுறை, அதற்கு இரண்டு வீட்டுச் செலவு தாங்கும் பணம் வேண்டும். சொந்த நாட்டில் பென்ஷன் போதவில்லை என்று கிளம்புகிற, போக்கிடம் இல்லாதவருக்கு விற்கப்படும் மலிவு ஓய்வுக்காலம் அது அல்ல. பணம் உள்ளவருக்கு மட்டும் பாதுகாப்பாக அமையும் ஒன்றை, பணம் இல்லாதவருக்கான தீர்வு என்று பெயரிட்டு விற்பதைத்தான் மறுக்கிறேன்.

பெலீஸில் இந்தக் கணக்கு சரியாக விழும் ஒரு கூட்டம் உண்டு. ஹாட்டி புயலுக்குப் பின் ஆயிரக்கணக்கான பெலீஸ்காரர்கள் லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், சிகாகோ என்று கிளம்பினார்கள். இன்று அமெரிக்காவில் வாழும் பெலீஸ் வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் எத்தனையோ பெண்கள் அமெரிக்க முதியவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பிழைத்தவர்கள். வடக்கேயிருந்து முதியவர்கள் மலிவான பராமரிப்பு தேடித் தெற்கே வர, பராமரிக்கத் தெரிந்தவர்கள் நல்ல கூலி தேடித் தெற்கிலிருந்து வடக்கே போயிருக்கிறார்கள். முப்பது, நாற்பது ஆண்டு உழைத்து அமெரிக்க பென்ஷனோடு டாங்ரிகாவுக்கோ பெலீஸ் சிட்டிக்கோ திரும்புகிறவர்களுக்கும் அதே சந்தை விலைதான், அதே மின்வெட்டுதான், அதே மருத்துவமனைதான். மெரீடாவுக்குப் போக அதே தொலைவுதான். அவர்களோடு கூடப் போக ஆள் இருக்கிறது.